வீட்டில்தானே இருக்கிறாள்

என் நாத்தனார் என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அவ வீட்லதானே இருக்கா." குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிட்டு, அவன் வரும்வரை காத்திருக்க வேண்டியவள் அவள். யாருக்கோ பார்சல் வந்தால் வாங்கி வைக்க வேண்டியவளும் அவள்தான். மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, நகம் வெட்டிவிடுவது, எல்லாம் அவள் தலையில். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறாளே, சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு எந்த மகராசன் சம்பளம் கொடுக்கிறான் என்று ஒருத்தராவது யோசிக்க வேண்டுமே. யோசித்தால் நாம் போய்க் குழாய்க்காரனுக்குக் காத்திருக்க வேண்டி வருமே என்று யோசிக்காமல் இருந்தார்கள்.

முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். கல்யாணம் ஒத்துவராமல் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். மாமியார் போன பிறகு அந்த வீட்டில் அவளும் என் மாமனாரும் மட்டும். நானும் என் கணவரும் அதே ஊரில் இன்னொரு மூலையில் இருக்கிறோம். நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிசகு பார்க்கும் மேசையில் நிற்பவள். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஸ்டியரிங் அடுத்தவர் கையில் இருக்கும், பிரேக் மட்டும் இவர் காலடியில் இருக்கும். வீட்டு விஷயங்களிலும் அவருக்கு அதே இருக்கைதான்.

பாப்பாவின் வேலையை எனக்கு அவளே ஒருநாள் உட்கார வைத்து விளக்கினாள். எங்கோ தொலைவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்ப்பார். அந்த அறையில் ஒரு மைக் இருக்கும். அவர்கள் பேசுவதை இவள் இங்கே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டு, எங்கே வலி, எத்தனை நாளாக, என்ன மருந்து என்று உடனுக்குடன் குறிப்பு எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டரிடமே கேட்க வேண்டும். அதனால் இவள் பக்கத்து மைக்கும் திறந்தே இருக்கும். மனுஷர்கள் தங்கள் உடம்பின் ரகசியத்தைச் சொல்லும் இடம் அது. எழுதுகிறவளைத் தவிர இன்னொரு மூச்சு கேட்டாலும் புகார்தான். ஒருமுறை அடுப்பில் குக்கர் விசில் அடித்து, அந்தப் பக்கம் இருந்த அம்மாள் "யாரது, யார் கேட்கிறார்கள்?" என்று பயந்து பாதியிலேயே எழுந்து போய்விட்டாளாம். பாப்பா மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அவள் அறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்க ஆரம்பித்தது. துண்டு தொங்கினால் உள்ளே 'மீட்டிங்'. எங்கள் வீட்டில் அவள் செய்யும் எல்லா வேலைக்கும் அந்த ஒரே பெயர்தான். துண்டு இருந்தால் கூப்பிடக்கூடாது, தட்டக்கூடாது, டிவி போடக்கூடாது.

நானும் என் கணவரும் எப்போதாவது மறந்துவிடுவோம். மாமனார் மறந்ததே இல்லை. அவர் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் வேலை பார்த்தவர். வராந்தாவில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டாரென்றால், எதிர்த் தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவானாம். அதே மனிதர், நீதிபதி வந்து உட்கார்ந்துவிட்டால் தன் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடப்பார். துண்டு தொங்கினால் அவர் கணக்கில் கோர்ட் கூடிவிட்டது. நாற்காலியை இழுக்க மாட்டார், முட்டி வலியோடு தூக்கித்தான் வைப்பார். நான் போயிருக்கும்போது வாயைத் திறந்தால், உதட்டில் விரல் வைத்துக் கதவைக் காட்டுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நான் சிரித்துமிருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் பாப்பா துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அண்ணி, நான் வேற ஊருக்குப் போயிடலாமான்னு பார்க்குறேன்."

"ஏன், ஆபீஸை மாத்திட்டாங்களா?"

"ஆபீஸ்னு ஒண்ணு இருந்தாதானே மாத்துறதுக்கு? நானாத்தான் போறேன். என் டீம்ல ஒரு பொண்ணு இருக்கா. அவ வீட்டுல ஒரு ரூம் காலியாகுது. மூணாவது மாடி. வேலைக்குன்னு கீழேயே தனி இடம் இருக்காம், கண்ணாடிக் கூண்டு மாதிரி, உள்ள போய்க் கதவைச் சாத்துனா ஒரு சத்தம் வராதாம்."

"அதுக்காக ராத்திரி முழுக்க ரயில்ல போற தூரத்துக்கா?"

அவள் கையிலிருந்த சட்டையை உதறினாள். "வேலை முடிஞ்சு கதவைத் திறந்தா வெளியில ஒரு தெரு இருக்கணும் அண்ணி. இங்க கதவைத் திறந்தா இன்னொரு வேலை நிக்குது."

போ என்று சொன்னால் அந்த இன்னொரு வேலை எந்தக் கதவுக்கு வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனபோது அண்ணனிடம் கேட்டுவிட்டாள்.

என் கணவர் முழுவதும் கேட்டார். முகத்தைப் பெரிய மனுஷத்தனமாக வைத்துக்கொண்டார்.

"உன் வேலையை எங்கேயிருந்து வேணும்னாலும் செய்யலாம். அப்படித்தானே?"

"ஆமாண்ணா."

"அப்ப இங்கேயிருந்தே செய்."

அவ்வளவுதான், பிரேக்கை மிதித்தாயிற்று. "ஆகா, தீர்ப்பு சொல்லியாச்சு, எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்க" என்றேன் நான். அவர் என்னை முறைத்தார்.

"அப்பாவை நீ கூட்டிட்டுப் போண்ணா. கொஞ்ச நாள்" என்றாள் பாப்பா.

"எங்க வீட்டுல யாரு இருக்கா? நான் விடிஞ்சா போனா இருட்டினப்புறம் வர்றேன். உங்க அண்ணி ஃபாக்டரிக்குப் போறா. பகல்ல வீடு பூட்டித்தான் கிடக்கும். இந்த வயசுல அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போகச் சொல்றியா? இங்கன்னா நீ இருக்கே."

"நான் இங்க இல்லண்ணா. அந்த ரூம்ல இருக்கேன்."

"ரூம் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். நான் பெண் என்பதால் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. போ என்று ஒரு வார்த்தை அல்லது போகாதே என்று ஒரு வார்த்தை, எதுவானாலும் சரி, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்று காத்திருந்தாள். மாமனார் வேட்டி நுனியைத் தடவிக்கொண்டே, "உன் இஷ்டம்மா" என்றார். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் இஷ்டப்பட்டதைச் செய்ய முடியுமா? அதைவிட 'போகக்கூடாது' என்று அதட்டியிருக்கலாம். பாப்பா எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனாள்.

புதன்கிழமை எங்கள் ஃபாக்டரியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மின்சாரம் போனது. மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். மாமனாரின் சட்டைகள் இரண்டு தைக்க வாங்கி வைத்திருந்தேன், கொடுத்துவிட்டு வரலாம் என்று அங்கே போனேன். என்னிடம் சாவி உண்டு. உள்ளே நுழைந்ததும் துண்டு கண்ணில் பட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரிக் கூடத்தைத் தாண்டினேன். மாமனார் கட்டிலில் இல்லை. காலைச் சாப்பாட்டுத் தட்டு கழுவாமல் இருந்தது. மதியச் சாப்பாடு மூடி வைத்தபடி இருந்தது. தண்ணீர் குடிக்கலாமென்று பின்பக்கம் போனபோதுதான் குளியலறை வாசலில் ஒரு பாதம் தெரிந்தது.

ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. வேட்டி நனைந்து, அதுவும் காய்ந்து போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. அந்தக் குளியலறை வாசல் பாப்பாவின் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. தரையில் கிடந்தபடியே அவர் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா!" என்று கத்திவிட்டேன்.

அவர் கையை மெல்லத் தூக்கி உதட்டில் விரல் வைத்தார். பிறகு மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார். "மீட்டிங் முடிஞ்சுதா?"

எனக்கு வந்த வெறியில் அந்தக் கதவை உடைத்திருப்பேன். இரண்டு கையாலும் அறைந்தேன். பாப்பா ஹெட்போனைக் கழுத்தில் இறக்கியபடி கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் ஒரு சமையலறை தெரிந்தது. யாரோ ஒரு பெண் குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். "மூணாவது மாடின்னு பயப்படாதீங்க, தண்ணி நல்லா வருது பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

வேலை பன்னிரண்டுக்கே முடிந்திருந்தது. அந்த வீட்டைப் பார்க்கும் அவசரத்தில் துண்டை எடுக்க மறந்திருக்கிறாள். ஜன்னல், பால்கனி, அலமாரி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மாமனார் விழுந்தது காலையில், குளிக்கப் போனபோது. கோர்ட் கலையட்டும் என்று கிடந்திருக்கிறார். ஒரு ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த குரல், எட்டடி தூரத்தில் இருந்த மகளைக் கூப்பிடவில்லை.

ஆம்புலன்ஸில் பாப்பா அழவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லப்பா, ஒரே ஒரு சத்தம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "வேலை போயிடும்னியேம்மா" என்றார் அவர்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் என்றார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சை ஒரு படம் எடுத்தார்கள். மறுநாள் காலை அந்தப் படத்தோடு டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், தூக்கமில்லாத முகம்.

"வலது பக்க நுரையீரல்ல பெரிய நிழல் இருக்கு. கட்டிதான். ரொம்ப நாளா வளர்ந்திருக்கு. எலும்பைச் சரி பண்ணிடலாம், ஆனா இது..." என்று நிறுத்திவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "மாசக்கணக்கா விடாம இருமல் இருந்திருக்கணுமே. அவர்கூட வீட்டுல யாரு இருக்கீங்க?"

நானும் என் கணவரும் பாப்பாவைப் பார்த்தோம். யோசிக்காமலே பார்த்தோம், அத்தனை பழக்கம்.

"நான்தான். இருமல் இல்லையே டாக்டர்" என்றாள்.

"வாய்ப்பே இல்ல. நேத்து ராத்திரி உங்களையெல்லாம் வெளிய அனுப்பினப்புறம் இவர் இருமின இருமல்ல பக்கத்துப் பெட்காரர் தூங்க முடியலன்னு சொல்லியிருக்கார்."

பாப்பா டாக்டர் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய பிழைப்பே இருமலைக் கேட்டு எழுதுவதுதான். வறட்டு இருமலா, சளியா, ரத்தம் வருகிறதா, எத்தனை வாரம் என்று முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாதவர்களுக்கு ஒரு நாளில் எத்தனையோ தடவை எழுதியிருப்பாள். நானும் நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு நான் போன நாட்களில் ஒருமுறைகூட அவர் இருமி நான் கேட்டதில்லை. வயதானவர் இருமவே இல்லையே என்று எனக்கும் தோன்றவில்லை. நிம்மதியாக இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் நேராக வார்டுக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அப்பா, உங்களுக்கு இருமல் இருக்கா?"

மாமனார் என்னைப் பார்த்தார், நான்தான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பது போல. "இருக்கும். எப்பவாச்சும்."

"நான் கேட்டதே இல்லையேப்பா."

"உனக்குக் கேக்கக்கூடாதுன்னுதானேம்மா தலகாணியை வச்சு அமுத்திக்குவேன். ராத்திரி உனக்குத் தூக்கம் கெடும். பகல்ல அந்தப் பக்கம் நோயாளிங்க இருப்பாங்க. அவங்க பயந்துடக்கூடாதுல்ல?" பிறகு கொஞ்சம் நிமிர்ந்து படுக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தில் மட்டும் ஒரு பெருமை வந்தது. "குக்கர் சத்தத்துக்கு அப்புறம் ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சா, சொல்லு?"

"வரலப்பா" என்றாள் பாப்பா.

"வராது" என்றார்.

வெளியே வந்ததும் என் கணவர் தயாராக நின்றார். கண்ணைத் துடைத்திருந்தார், அதை மறைக்கவும் இல்லை. கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் அவரவர் இடத்திலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"சரி பாப்பா, இனிமே அந்த ஊர்ப் பேச்சை விடு. அந்தப் பொண்ணுகிட்ட இல்லைன்னு சொல்லிடு. அவர் இருக்கப்போறது கொஞ்ச நாள்."

"நான் போறேன்ணா."

அவருக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருந்தது. "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கத்தினார். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாப்பா குரலை உயர்த்தவில்லை. "நான் இருந்ததாலதான் அவர் இருமல. நான் இருக்கேன்னு நினைச்சுத்தான் நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தீங்க. நானும் இருக்கேன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். யாருமே அங்க இல்லண்ணா. உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அங்க பகல்ல ஆள் இல்லைன்னு சொன்னேல்ல, அதனால யாராவது ஒருத்தர் லீவு போட்டுத்தான் ஆகணும். லீவு போட்டவங்க அவர் பக்கத்துல உட்காருவாங்க. அவங்க காதுல விழும்."

"வேலையை விட்டுட்டு நீ உட்காரேன்!"

"விட்டா அவர் மருந்துக்கு யாரு தருவா? நீ தருவியா?"

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்வானேன். லீவு போடப்போவது யார் என்று எனக்குத் தெரியாதா? டிரைவிங் ஸ்கூல்காரர் போட மாட்டார். என் மேசைக்கு நாளைக்கே வேறொருத்தி வந்து நிற்பாள். இத்தனை வருஷம் பாப்பாவின் கழுத்தில் கிடந்த கயிறு என் கழுத்துக்கு வந்துவிட்டது. அதை அவள் மாட்டும்போது ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னதில் எங்கே பிசகு என்று தேடினேன். பிசகு தேடுவது என் தொழில். கிடைக்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க திட்டணும்னா திட்டிடுங்க."

"அப்புறமாத் திட்டுறேன். போய் போன் பண்ணு" என்றேன்.

அவள் வார்டு வாசலிலேயே நின்று போன் போட்டாள். நான் உள்ளே போய் மாமனார் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. பாப்பாவின் முதுகு தெரிந்தது, குரலும் கேட்டது. ரூமை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், அப்பாவின் ஆபரேஷன் முடிந்ததும் அடுத்த வாரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே குரல் உடைந்து, அந்தப் பெண்ணுக்குப் புரியாமல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"போறாளா?" என்று கேட்டார் மாமனார்.

"போறா மாமா. நீங்க எங்களோட வந்துடுங்க. நான் வீட்டுல இருப்பேன்."

தலையை ஆட்டினார். சம்மதமா, வருத்தமா, அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திடீரென்று அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. முகம் சிவந்தது. போர்வையை இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கட்டில் குலுங்கியது. ஒரு சத்தம் வெளியே வரவில்லை. உடைந்த எலும்பு அசைந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இருமுங்க மாமா! இது ஆஸ்பத்திரி. இங்க யாரு என்ன சொல்லப் போறா? நல்லா இருமுங்க!" என்று போர்வையை இழுத்தேன். எழுபத்தாறு வயது மனிதரின் பிடியை என்னால் தளர்த்த முடியவில்லை.

மூச்சு கொஞ்சம் திரும்பியதும் போர்வையை விலக்கினார். அதில் ரத்தம் இருந்தது. கதவுப் பக்கம் கண்ணைக் காட்டி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"வர்றேன்னு சொல்லி முடிச்சுக்கட்டும்மா. என் இருமல் கேட்டா போகமாட்டா."